வலது காலில் கசப்பு ஏறவில்லை

ஜனவரி 6

இந்த நோட்டு பேய்க்குமட்டிக்கு மட்டும். வீட்டுக் கதை எழுதக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொள்கிறேன். போன ஆய்வுக்கு வைத்த நோட்டில் பாதிக்கு மேல் மாமியார் புகுந்துவிட்டார். துறைத்தலைவர் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்று தேரியில் கொடிகளைத் தேர்ந்தெடுத்து எண் எழுதிய கம்புகள் நட்டோம். தேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே செம்மணல் மேடுமேடாகக் கிடக்கிறது. பலமாகக் காற்றடித்தால் நேற்று இருந்த மேடு இன்றைக்கு வேறு இடத்தில் இருக்கும். பாலைவனம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டாம், இங்கே வந்தால் போதும். மழைக்குப் பிறகு இந்த மணலில் தானாகக் கிளம்பிப் படர்கிற கொடிதான் பேய்க்குமட்டி. தர்ப்பூசணிக்கு ஒன்றுவிட்ட அக்காள். இலை அதே மாதிரி பிளவுபட்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். காய் பச்சையில் வெளிர்மஞ்சள் வரியோடு உருண்டையாக இருக்கும். குட்டித் தர்ப்பூசணி என்று நினைத்து வாயில் வைத்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். கோடையில் கொடி கருகிப்போகும். ஆனால் மணலுக்கு அடியில் பருத்த வேர் உயிரோடு கிடந்து, அடுத்த மழைக்கு மறுபடி தலைகாட்டும். உச்சி வெயிலில் இந்தக் கொடி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் என் ஆய்வு.

கம்பு சுமந்து வந்து நட்டுக் கொடுத்தது என் கணவர் செல்வின். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், ஊருக்கு டிரில் வாத்தியார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் மணலில் நடந்தார். எனக்குச் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அவருக்குச் சுடவே இல்லையாம். உங்கள் காலில் இருப்பது எருமைத் தோல் என்று கேலி செய்தேன். அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை. மஸ்கட்டிலிருந்து அவருடைய அண்ணன் பொன்ராஜ் போன் பண்ணினார். நான் குமட்டியை வைத்து ஆய்வு செய்கிறேன் என்று கேட்டதும் குதித்தே விட்டார். அங்கே சர்க்கரை வியாதி உள்ளவர்கள் குமட்டிக்காயை இரண்டாக வெட்டிப் போட்டு வெறுங்காலால் மிதிப்பார்களாம். மிதிக்க மிதிக்கச் சாறு பாதம் வழியே ஏறி, கொஞ்ச நேரத்தில் நாக்கு கசக்குமாம். நாக்கு கசந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். அதுதான் கணக்கு. அவரும் மிதிக்கிறாராம், சர்க்கரை இறங்கிவிட்டதாம்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாமல் போகுமா? வாத்தியாருக்கும் சர்க்கரை இருக்கிறது. அவருடைய அப்பாவும் சர்க்கரையில்தான் போனார். மாத்திரையைப் பார்த்தாலே இவருக்கு முகம் சுருங்கிவிடும். உன் தோட்டத்துக் காயை எனக்குக் கொஞ்சம் கொண்டுவா என்று ஆரம்பித்துவிட்டார். குமட்டி வயிற்றுக்குள் போனால் குடலை உருவி எடுத்துவிடும். காலால் மிதிப்பதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? சரி என்று நான்தான் சொன்னேன்.

ஜனவரி 22

காலையில் அகன்ற பேசினில் காய்களை வெட்டிப் போட்டு, அதற்குள் காலை வைத்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். விளையாட்டுப் பக்கம் முடிவதற்குள் நாக்கைச் சப்புக்கொட்டி முகத்தைச் சுளித்தார். நான் நம்பவில்லை. அவர் எழுந்த பிறகு நானும் மிதித்துப் பார்த்தேன். எனக்கும் கசந்தது. தாவரவியல் படித்தவளுக்கு இதைவிட வெட்கம் என்ன வேண்டும்? பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 3

அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. எல்லாக் கொடியிலும் காய்.

பிப்ரவரி 9

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். புதிதில்லை, வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதியதுதான். ஆனால் சொந்தக் கையால் தொட்டு அறிவது வேறு. மணலில் கால் வைக்க முடியாத வெயில். குமட்டி இலையைப் புறங்கையால் தொட்டால் ஜில்லென்று இருந்தது. வேர் கீழேயிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, இலை அதை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் வேகாமல் தப்பிக்கிறது. ஒரு இலையைக் காம்போடு அறுத்து மணலில் போட்டேன். நோட்டில் குறித்துவிட்டுத் திரும்புவதற்குள் சூடேறித் துவண்டுவிட்டது. ஓட்டம் நின்றால் உயிர் நின்றது. வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும்.

வாத்தியார் இப்போதெல்லாம் வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொள்கிறார். தேரிக் காற்றில் குதிகால் வெடித்துவிட்டதாம். வலது கட்டைவிரல் நகம் பெயர்ந்து, அதில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். மஞ்சள் அரைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். கோயிலுக்குப் போய் வந்தோம். லெந்து நோன்பு நாட்களில் மீனும் கறியும் கிடையாது, எனக்குச் சமையல் மிச்சம்.

நாக்கு முன்னைப் போல் சீக்கிரம் கசக்கவில்லை என்கிறார். அதனால் அதிக நேரம் மிதிக்கிறார். காய் முற்றுவதால் கசப்பு குறைகிறதோ என்று சந்தேகம் வந்தது. அதே பேசினில் நான் மிதித்துப் பார்த்தேன். எனக்கு உடனே கசந்தது. அப்படியானால் குறை காயில் இல்லை. இடது காலை மட்டும் ஒரு நாள், வலது காலை மட்டும் ஒரு நாள் மிதிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வீட்டிலேயே ஒரு சோதனை. வாத்தியார் சம்மதித்துவிட்டார், பாவம்.

பிப்ரவரி 23

இடது கால் மட்டும் மிதித்த அன்று விளையாட்டுப் பக்கம் முடிவதற்குள் கசந்தது. வலது கால் மட்டும் மிதித்த அன்று பேப்பர் முழுவதையும் படித்து, இரங்கல் விளம்பரம் வரைக்கும் வந்துவிட்டார். நாக்கில் ஒன்றும் இல்லை. கால் மாற்றி, காய் மாற்றி மறுபடி செய்தோம். முடிவு மாறவில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலை அவரே பேசினுக்குள் வைத்துக்கொண்டார், நான் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தாண்டிக் குதிக்கும்போது நீங்கள் ஊன்றுகிற கால் வலது கால், இத்தனை வருஷத்தில் தோல் தடித்திருக்கும், அதனால் சாறு இறங்கவில்லை என்று சொன்னேன். அவர் பேசின்மேல் குனிந்து வலது காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோசை ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

பிப்ரவரி 26

துணி துவைத்தேன். அவருடைய சாக்ஸ் ஒன்றில் மட்டும் மஞ்சளாகக் கறை, உரசினாலும் போகவில்லை. குமட்டிச் சாறு புளித்த வாடை அடிக்கிறது.

பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறேன். சாயங்காலம் வந்தால் அது நிமிர்ந்து ஈரமாக இருக்கிறது.

மார்ச் 1

கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 5

தேரியிலிருந்து திரும்பும்போது பள்ளிக்கூட மைதானம் வழியாக ஸ்கூட்டியில் வந்தேன். பிள்ளைகள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் மைதானத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையாட்டினார்.

வெயில் அதிகம். அதனால்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் சீயக்காய்ப் பொடி தேடியபோது அவருடைய மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கேட்டேன். சர்க்கரைதான் இறங்கிவிட்டதே, பிறகு எதற்கு என்றார். சண்டை போட்டேன். அதற்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொண்டார். சாக்ஸைத் தானே துவைத்துக்கொள்கிறாராம், நான் தொட வேண்டாமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மார்ச் 9

காலையில் தேரிக்குப் போனேன். மூன்றாம் எண் கொடியில் ஒரு கிளை பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தது. புறங்கையால் தொட்டால் இலை சுட்டது. பக்கத்துக் கிளையின் இலை ஜில்லென்று இருந்தது. இரண்டையும் வெட்டி ஈரத்துணியில் சுற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சிவப்புச் சாயத் தண்ணீரில் நிறுத்தினேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காசித்தும்பையை வைத்துச் செய்து காட்டுகிற அதே சோதனைதான். நல்ல கிளையில் சாயம் ஏறி இலை நரம்பெல்லாம் சிவந்துவிட்டது. மற்றதில் ஒரு துளி ஏறவில்லை. தண்டைப் பிளந்து பார்த்தேன். புழு குடைந்து, குழாயெல்லாம் அடைத்து, உள்ளே கறுத்துக் கிடந்தது.

நோட்டை எடுத்து, ‘ஒரே கொடி. ஒரு கிளையில் சாயம் ஏறுகிறது, மறு கிளையில் ஏறவில்லை. ஏறாத கிளையில்’ என்று எழுதினேன்.

அதற்கு மேல் எழுத முடியவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. முன்னறையில் வலது காலைப் பேசினுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர்கூட இல்லை, நாக்கை மேலண்ணத்தில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காலை எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

நான் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்து இழுத்தேன். இடது பாதத்தைப் புறங்கையால் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. வலது பாதம் பானைத் தண்ணீரைப் போல் ஜில்லென்று இருந்தது. கட்டைவிரல் கறுப்பு. அடுத்த விரலும் பாதி கறுப்பு. எலி கட்டிலுக்கு அடியில் சாகவில்லை.

“எப்ப இருந்து?” என்று கேட்டேன்.

“கம்பு நட்டோம்லா, அன்னைக்கு ஏதோ குத்திருக்கு. எனக்குத் தெரியல. ராத்திரி கால் கழுவும்போதுதான் ரத்தத்தப் பாத்தேன்.”

“எங்கிட்ட சொல்ல வாய் வரலியா?”

“வலிக்கல சுகிர்தா. வலிச்சா சொல்லிருப்பேன்.” காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். “காட்டினா வெட்டுவானுவ. எங்க அப்பாவுக்கு ஒரு வெரல்லதான் ஆரம்பிச்சானுவ. தொடை வரைக்கும் போயிட்டுதான் விட்டானுவ. அப்பா அதோட எந்திரிக்கவே இல்ல.”

அப்புறம் எதற்கு இன்னும் இதை மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பேசினைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். காயெல்லாம் சிதறி உருண்டது.

“நீ அன்னைக்கு ரெண்டு காலையும் தனித்தனியா வச்சுப் பாத்தியே. நீ குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்த. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இந்தக் காலுல ரத்தம் ஓடலன்னு. அதான் நீ காலேஜுக்குப் போன பொறவு தெனமும் இத மட்டும் மிதிச்சேன். ஒரு தடவை நாக்கு கசந்துட்டா போதும், ரத்தம் ஓடிட்டுன்னு அர்த்தம். கசக்கவே மாட்டேங்கு.”

முதுகலை, முனைவர் பட்டம், இருபது வருஷ வகுப்பு. என் சோதனையின் முடிவை டிரில் வாத்தியார் படித்துவிட்டார், நான் நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்பார்களே, காயைக் கூடையில் சுமந்து வந்தவளும் நான்தான். அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 10

கார் பிடித்துத் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தோம். ஏறுவதற்குள் என்னைப் படாதபாடு படுத்திவிட்டார். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

டாக்டர் சின்னப் பெண். பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தாள். இடது காலில் வைத்ததும் குப்குப் என்று தூரத்து பம்புசெட் சத்தம் கேட்டது. உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தமாம். வலது காலில் வைத்தாள். இரைச்சல்தான் வந்தது. இடம் மாற்றி மாற்றி வைத்தாள். கணுக்காலில் இல்லை. இன்னும் மேலே கொண்டுபோனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கேயாவது கேட்க வேண்டும், இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு விரற்கடைக்கும் வேண்டிக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கடைசியில் கெண்டைக்காலுக்கு மேலே மெலிசாக ஒரு சத்தம் வந்தது.

ரத்தக் குழாயைத் திறக்க முயற்சி பண்ணுகிறோம், ஆனால் செத்துப்போன பாகம் திரும்பி வராது, எங்கே ரத்தம் இருக்கிறதோ அந்த இடத்தைத்தான் காப்பாற்ற முடியும் என்றாள். சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். டீச்சர் என்றேன். என்ன பாடம் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 12

முழங்காலுக்குக் கீழே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 16

தைத்த இடத்தில் ரத்தம் ஓடினால் ஆறும். இல்லையென்றால் மறுபடி உள்ளே கொண்டுபோவார்கள், இன்னும் மேலே. கேன்டீனில் இட்லி வாங்கிவிட்டு, தின்ன முடியாமல் நாய்க்குப் போட்டேன். கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன், புண்ணை அல்ல. அவள் மூக்கைச் சுருக்குகிறாளா என்று பார்க்கிறேன். இன்று சுருக்கவில்லை.

முந்தாநாள் அவர், வலது கட்டைவிரல் அரிக்கிறது என்றார். எனக்கு முடியெல்லாம் நட்டுக்கொண்டது. அப்படித் தோன்றுவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னாள். நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. இல்லாத விரலைச் சொறிகிற மாதிரி போர்வைமேல் சொறிந்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். பொன்ராஜ் அண்ணன் மஸ்கட்டிலிருந்து தினமும் போன் பண்ணி அழுகிறார். உங்கள் காலையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நானும் அழுகிறேன். கோயிலிலிருந்து ஆள் ஆளாக வந்து, உயிர் பிழைத்ததே பெரிது என்றுவிட்டுப் போகிறார்கள்.

துறையிலிருந்து மெர்சி வந்திருந்தாள். மூன்றாம் கொடி முழுக்கக் காய்ந்துபோய், போன வாரம் பெய்த தூறலுக்கு வேர்க்கழுத்திலிருந்து புதுத் தளிர் விட்டிருக்கிறதாம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள். அது வேர் உள்ள செடி, துளிர்க்கும். தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சந்தோஷம் வரவில்லை.

ஏப்ரல் 1

கக்கத்தில் கம்பு கொடுத்து நடக்கப் பழக்குகிறேன். உடம்பின் பாரம் மொத்தமும் இப்போது இடது காலில்தான். அந்தக் காலுக்கும் உணர்ச்சி குறைவுதான், குழாயும் பழையதுதான், தினமும் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட, என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அவர் அந்தக் காலைப் போர்வைக்குள்ளேயே வைத்திருக்கிறார். நான் கிட்டே போனால் மடக்கிக்கொள்கிறார். சாக்ஸ் போட்டிருக்கிறார். கேட்க வேண்டும், கட்டாயப்படுத்தியாவது பார்க்க வேண்டும். இரண்டு நாளாக நான் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பார்க்க எனக்கும் பயம்.

ஏப்ரல் 4

நாளை ஈஸ்டர். காலையில் இடியாப்பத்துக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

“சுகிர்தா, அடுப்ப அணச்சிட்டு வா.”

போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வையை விலக்கி, சாக்ஸைக் கழற்றி, இடது காலை வெளியே நீட்டி வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஜன்னலத் தொற. கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லணும்.”

ஜன்னலைத் திறந்தேன். கை மாவைப் புடவையில் துடைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, காலை மடியில் எடுத்து வைத்து, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தேன்.